இருபத்து மூன்றாவது பிணம்

இருபத்திரண்டு பேரைக் கொன்றிருக்கிறேன்
இந்தச் சமையலறை மேசையில்.
பதினொன்று நஞ்சு, நான்கு கயிறு,
ஒன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது,
பனிச்சறுக்குக் காலணி.
மீதியைக் கேட்காதீர்கள்.

ஃப்ரீஸ்லாந்தின் வடகோடி இது.
கடலுக்கு அணை, அணைமேல் புல், புல்லுக்கு ஆடு.
அப்புறம் வானம், வானம், மறுபடி வானம்.
தொலைவில் ஒருவன் சைக்கிளில் புறப்பட்டால்
அவனுக்கென்று இப்போதே காபி ஊற்றக்கூடாது,
வந்து சேர்வதற்குள் ஆறிவிடும்.
இந்தத் தட்டை நிலத்தில்
ஒரு பிணத்தை எங்கே ஒளிப்பது?

"அங்கே என்னதான் நடக்கும்?"
ஆம்ஸ்டர்டாமிலிருந்து பதிப்பாசிரியர் கேட்கிறார்.
போன மாதம் தேவாலயக் கடிகாரம்
நான்கு நிமிடம் பிந்தியது.
ஆல்கே ஏணி போட்டு ஏறி முள்ளைத் தள்ளிவிட்டாள்.
அவ்வளவுதான்.
அந்த நான்கு நிமிடத்தையும் நான் களவாடி
ஒரு சாட்சியின் பொய்க்குள் வைத்துத் தைத்தேன்.

எதிர்ப்பண்ணை கெர்லோஃபுடையது.
அறுபத்து நான்கு மாடுகள்.
சாணத் தொட்டியின் வாயு எத்தனை மூச்சில் ஆளைச் சாய்க்கும்,
கன்று இழுக்கும் கயிறு எந்த எடையில் அறும்,
எல்லாம் பல் குத்திக்கொண்டே சொல்வான்.
என் கைப்பிரதியைக் கறவைக்கு நடுவே படிப்பான்.
திரும்பி வரும்போது ஓரமெல்லாம் அயோடின் கறை,
கறைக்குப் பக்கத்தில் பென்சில்:
"மாடு முன்காலில் எழாது. பின்கால்தான் முதலில்."

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே விண்ணப்பம் அவனுக்கு.
"இதிலாவது என்னைக் கொல்லேன்."
"உன்னைக் கொன்றால் யாருக்கு லாபம்?"
சிரிப்பான். ஒருமுறை மட்டும்
"வங்கிக்கு" என்றான்.
அதற்கும் சிரித்தோம்.

நவம்பரில் ஓர் இரவு வேலை ஓடியது.
கடத்தல் அத்தியாயம்.
கை தானாக எழுதிற்று:
*மூன்று மணிக்கு, முன்விளக்கை அணைத்துக்கொண்டு
ஒரு லாரி சரளைக்கல்லில் வந்து நின்றது.
சாய்பலகை இறங்கும் ஓசை.
பிறகு நிறையக் கால்கள், குரலே இல்லாமல்.*
எங்கிருந்து வருகிறது இதெல்லாம் என்று
என்னையே மெச்சிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

கண்ணில் பட்டதே மூன்று நாள் கழித்துத்தான்.
விடிகாலை ஐந்துக்கு எரியும் கொட்டில் விளக்கு
எரியவில்லை.
நேற்றும் எரியவில்லை, யோசித்தால்
முந்தாநாளும்.
ஒரு சட்டைப் பொத்தானில் ஆளைக் கண்டுபிடிப்பவள் நான்.
எதிர்வீடு தொண்ணூறு மீட்டர்.

ஈரல் எத்தனை மணிக்கு எத்தனை பாகை குளிரும்,
விறைப்பு தாடையில் தொடங்கி எங்கே இறங்கும்,
ஈ முட்டையிட எவ்வளவு நேரம்,
அட்டவணை அத்தனையும் மனப்பாடம்.
அந்தத் தொண்ணூறு மீட்டருக்குக் கால்தான் வரவில்லை.
கதவைத் திறந்தேன், சாத்தினேன்.
கோட்டை மறந்தேன் என்று மறுபடி உள்ளே வந்தேன்.
கோட்டு என்மேல்தான் இருந்தது.

கெர்லோஃப் கொட்டிலில் இருந்தான்,
கவிழ்த்த வாளிமேல், முழு உயிரோடு.
அறுபத்து நான்கு கழுத்துத் தடுப்புகள் திறந்தபடி.
தரையை அவன் கழுவியிருந்த விதத்தில்
என் கொலைகாரர்கள் ஒருவனும் கழுவியதில்லை.

"பகலில் ஏற்றினால்" என்றான்,
"எல்லாருக்கும் தெரியும்."
அதற்குமேல் இல்லை.
கேட்க எனக்கும் வாய் வரவில்லை.
மறுநாள் அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வேறென்ன இருக்கிறது என்னிடம் கொடுக்க?

கண்ணாடி மாட்டி விரல் வைத்துப் படித்தான்.
கறையில்லாத விரல்.
ஒரு வரியில் வந்து நின்றது, நின்றுகொண்டே இருந்தது.
அணைக்கு அப்பால் காட்டுவாத்துகள் கத்தின.
பிறகு பென்சில் கேட்டான்.
'ஒரு லாரி' என்பதை அடித்து
மேலே எழுதினான்:
இரண்டு.